மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. புதிய யப்பான் கார்கள் முடங்க, 1950களின் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவு, ஏறத்தாழ 7க்கு 1. அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் முந்தி எரிந்து எஞ்சின் 'டக்டக்' என்று அடிக்கும்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மிச்சம் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அடிக்கடி மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து போனவர்கள் இந்தப் புகையை மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த ஒக்டோபரிலேயே வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களாகிய நாங்கள் இதில் அதிகம் காணவில்லை. அக்கால மெக்கானிக்மார் உங்கள் வீட்டில் இருந்தால், இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.