சுகுண விலாச சபையும் ஷேக்ஸ்பியரும்

1891ஆம் வருஷத்தில், பல்லாரி கிருஷ்ணமாசார்லு தம் குழுவினருடன் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்டு, கற்றவர்களும் கௌரவமாக மேடையேறலாம் என்ற உறுதி கொண்ட பம்மல் சம்பந்த முதலியார், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஸ்தாபித்த சுகுண விலாச சபையே, ஷேக்ஸ்பியரைத் தமிழ் ரசிகர்களுக்கு நெருங்கிய உறவினராக்கிய பெருமைக்கு முதற்கண் உரியது என்பது என் அபிப்பிராயம். நாடகத்தை ஜீவனோபாயமாகக் கொள்ளாத வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகற்பொழுதைத் தத்தம் அலுவல்களில் கழித்துவிட்டு, எஞ்சிய நேரத்தை ஒத்திகைக்கென்று ஒதுக்கிய அந்த சிரத்தையை நினைக்குந்தோறும் மனம் நெகிழ்கிறது.

‘ஹாம்லெட்’ அமலாதித்யனாகவும், ‘மாக்பெத்’ மகபதியாகவும், ‘வெனிஸ் வர்த்தகன்’ வாணீபுர வணிகனாகவும் முதலியாரின் பேனாவில் புனர்ஜன்மம் எடுத்தன. பாட்டே பிரதானமாயிருந்த அக்காலத்து மேடையில் வசனத்துக்கு உயர்ந்த ஸ்தானம் தந்து, பாத்திரத்தின் மனப்போராட்டத்தைப் பேச்சாலேயே புலப்படுத்த அவர் துணிந்தார். இத்துணிவுக்கு ஷேக்ஸ்பியரிடம் அவர் கொண்டிருந்த பக்தியே பெருங்காரணம் என்று கருதுகிறேன்.

பெண்கள் மேடையேறாத அந்தச் சபையில் ஸ்திரீ வேஷங்களையும் ஆடவரே தரித்தனர்; முதலியார் நாயகனாக நிற்க, அவருடைய ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு நாயகியாக நடித்த ஜோடிப் பொருத்தத்தை, ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற தம் நூலில் முதலியார் மிகுந்த வாஞ்சையோடு எழுதிவைத்திருக்கிறார்.