வெயிலும் தறியும்

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலையை அடுத்து, இளம்பிள்ளை என்றோர் ஊர் உண்டு. சேலை நெசவால் பெயர்பெற்ற ஊர் அது. தெருவுக்குள் அடிவைத்தவுடன் தறியோசைதான் நம்மை முதலில் வரவேற்கும். சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் கத்திரி வெயிற் காலத்தில், நண்பகல் வேளையில், அத்தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், தறியோசையோ குறைவதில்லை. "வெயிலில் போகாதே, நிழலில் இரு" என்பது நம் வீட்டுப் பெரியோர் கூறும் அறிவுரை. நெசவாளர் நிழலில்தான் இருக்கின்றார். அப்படியானால் வெப்பம் அவரை ஒன்றும் செய்யாதா? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்கள் ஏறத்தாழ 250 ஆண்டுகளாக முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் நம் உடலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். கோடையாயினும் குளிர்காலமாயினும் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கின்றது. சுற்றுப்புறம் அதைவிடச் சூடாகும்போது உடலுக்குத் துணையாக எஞ்சுவது வியர்வை ஒன்றே. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதுபோல, வியர்வையும் ஆவியாகும்போது உடலைக் குளிர்விக்கின்றது. ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால், ஆவியாகாமல் வழிந்து சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவதில்லை. இவ்வுண்மையை மறவாது மனத்திற் கொள்க. இனி வரும் வரலாறு முழுவதும் இதனையே சுற்றி வருகின்றது.

1774-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்னும் மருத்துவர் சில அறைகளைக் கடுமையாகச் சூடேற்றினார். சார்ல்ஸ் பிளாக்டன் முதலிய அறிஞர்கள் அவற்றினுள் புகுந்து தங்கள் உடலையே சோதித்துப் பார்த்தனர். நீர் கொதிக்கும் வெப்பத்தையும் விஞ்சிய உலர்ந்த காற்றில் அவர்கள் சில நிமிடங்கள் நின்றனர். அதே அறையில் வைத்த முட்டை வெந்து இறுகியது. மனிதர்களோ நலமாக வெளியே வந்தனர்! ஆயினும், ஈரம் நிறைந்த அறையில் அதனினும் மிகக் குறைந்த வெப்பமே பொறுத்தற்கு அரிதாயிற்று. மனிதனை வாட்டுவது வெப்பம் மட்டுமன்று, அதனோடு கூடிய ஈரமுமே என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இவ்வுண்மை ஆய்வறையை விட்டுத் தொழிற்கூடத்திற்கு வந்ததற்குக் காரணமானவர்கள் நெசவாளர்களே. பருத்தி இழை உலர்ந்தால் அறும். ஈரம் இருந்தால் உறுதியாக நிற்கும். நம் நாட்டுக் கைத்தறி நெசவாளர் தரையில் குழி வெட்டித் தறி அமைத்தமைக்கு, மண்ணின் குளுமை பாவுக்கு நல்லது என்பதும் ஒரு காரணம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி ஆலை முதலாளிகளோ நீராவியையே குழாய் வழியாக நெசவுக் கொட்டகைக்குள் செலுத்தினர். இழை அறாமல் ஓடியது. ஆனால், தறியருகே நின்றவர்கள் நனைந்த ஆடையுடன் நாள் முழுதும் துன்புற்றனர். நெசவாளர்கள் திரண்டு முறையிட்டதன் பயனாக, 1889-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பருத்தித் துணி ஆலைச் சட்டத்தை இயற்றியது. இன்ன வெப்பநிலையில் இவ்வளவுக்கு மேல் ஈரம் இருத்தல் ஆகாது என்று அச்சட்டம் அட்டவணையிட்டு வரையறுத்தது. இழையின் நலம் வேறு, உழைப்பவரின் நலம் வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது.

அவ்வரையறைக்கு உறுதியான அறிவியல் அடிப்படை தந்தவர்களுள் தலையானவர் ஜே. எஸ். ஹால்டேன். அவர் கையாண்ட கருவி மிக எளியது: குமிழில் ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி. காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகும். வெப்பமானியும் இறங்கிக் காட்டும். காற்று ஈரமாயிருந்தால் இறங்காது. வியர்த்த நம் உடலின் நிலையை அத்துணி சுற்றிய குமிழ் அப்படியே எடுத்துக் காட்டுகின்றது. காற்றோட்டமற்ற இடத்தில் இந்த ஈரவெப்பமானி ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸைக் கடந்தால், வேலையின்றிச் சும்மா இருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும் என்று ஹால்டேன் 1905-இல் வெளியிட்டார். உழைப்பவருக்கோ எல்லை இன்னும் தாழ்ந்தது. பிற்காலத்தில், 2010-இல், மனித உடல் தாங்கக்கூடிய எல்லை ஈரவெப்பமானியில் 35 டிகிரி என்று கணக்கிட்டனர். ஆனால், 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளில், ஈரம் மிக்க காற்றில் அவ்வெல்லை 31 டிகிரியை ஒட்டியே அமைந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் பழைய அளவு பொய்க்கவில்லை.

1923-இல் மாஸ் என்பவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வரும் கடும் தசைப்பிடிப்பை ஆராய்ந்து, வியர்வையோடு உப்பும் வெளியேறிவிடுவதே அதற்குக் காரணம் என்று காட்டினார். உப்பிட்ட நீராகாரமும் மோரும் அருந்தி வயலுக்குச் சென்ற நம் முன்னோர், காரணம் அறியாவிடினும் மருந்தை அறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு விடப்பட்ட அறக்கட்டளைகள் இடம்பெறுவதையும் இங்கு நினைவு கூரலாம்.

இதுவரை உழைப்பிடங்களைப் பற்றிக் கூறினோம். அண்மைக் காலத்தில் பெருநகரங்களும் இப்பாடத்தைப் பெருந்துயரோடு கற்றிருக்கின்றன. 1995-இல் சிகாகோவில் 700 பேருக்கு மேலும், 2003-இல் ஐரோப்பா முழுவதும் 70,000 பேருக்கு மேலும் வெப்ப அலையால் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் வெயிலில் அலைந்தவர்கள் அல்லர்; அடைபட்ட வீடுகளில் தனித்து வாழ்ந்த முதியோர். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். வெப்பம் தானே நேரில் கொல்வது சிறுபான்மை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் தளரச் செய்து, வேறொரு நோயின் பெயரால் கொல்வதே பெரும்பான்மை. இரவும் குளிராமல் வெப்பம் பல நாள் நீடித்தால் உடலுக்கு ஓய்வே இல்லாமற் போகின்றது. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில், மேல்மாடியில் இருந்த மகப்பேற்றுப் பகுதியைக் கீழ்த்தளத்திற்கு மாற்றியதும், வெப்பத்தால் நோயுறும் பச்சிளங்குழந்தைகளின் தொகை குறைந்தது. கூரையே அங்கு நோய்க்குக் காரணமாயிருந்தது! 2013-இல் அகமதாபாத் வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டம் பிற நகரங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

இனி இளம்பிள்ளைக்குத் திரும்புவோம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் சேலம் வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அவ்வெப்பமானியோ திறந்த வெளியில், நிழலமைந்த பெட்டிக்குள் இருப்பது. தகரமோ சிமெண்டு அட்டையோ வேய்ந்த தறிக்கொட்டகைக்குள் நிலைமை வேறு. மேலே காய்ந்த கூரை. அருகே ஓடும் மோட்டாரின் சூடு. காற்றாடி சுழன்றால் இழை உலர்ந்து அறும் என்று அதனை நிறுத்திவிடும் வழக்கம். லங்காஷயரில் எழுந்த அதே வழக்கு, இழைக்கா உடலுக்கா என்னும் வழக்கு, ஓசையின்றி இங்கும் நடைபெறுகின்றது.

சட்டம் துணை நிற்காதா என்று நீங்கள் கேட்கலாம். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கோடைக் காலத்தில் குளிர்ந்த குடிநீர் வழங்க வேண்டும் என்றது. காற்றோட்டமும் தாங்கத்தக்க வெப்பமும் வேண்டும் என்றது. ஆனால், பொதுவாக விசையுடன் 10 பேர், விசையின்றி 20 பேர் பணிபுரிந்தால்தான் ஓரிடம் அச்சட்டப்படி தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற் பாதுகாப்புத் தொகுப்பு இவ்வெண்களை 20, 40 என்று உயர்த்தியது. இரண்டு மூன்று தறிகளை வைத்துக் கணவனும் மனைவியும் நெய்யும் வீடு இவ்விரண்டிற்கும் வெளியே நிற்கின்றது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தது. நல்ல செயலே. எனினும், இறந்தபின் வரும் உதவியினும் இறவாமற் காக்கும் அறிவு பெரிதன்றோ?

அவ்வறிவைப் பரப்புவதில் மாணவர்களாகிய உங்களுக்கும் பங்கு உண்டு. உழைப்பவர் ஒருவர் தடுமாறிப் பிதற்றினால், உடல் கொதித்தால், அது வெறும் மயக்கமன்று, வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறிக் குளிர்வியுங்கள். மருத்துவ உதவிக்கு 108-ஐ அழையுங்கள். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். கூரைக்கு வெள்ளை பூசுதல், மேலே ஓலை வேய்தல், நண்பகலில் தறியை நிறுத்தி விடியலிலும் மாலையிலும் நெய்தல் ஆகியவை சிறு செலவில் கூடும் காப்புகள்.

இன்னும் ஒன்று. இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, உங்கள் ஊர்த் தறிக்கொட்டகை ஒன்றில் கோடை முழுதும் தொங்கவிட்டு நாள்தோறும் அளவைக் குறித்து வையுங்கள். லங்காஷயர் நெசவாளரின் முறையீட்டைச் சட்டமாக்கியது அத்தகைய அளவீடே. இளம்பிள்ளையின் முறையீட்டிற்கும் நாளை ஓர் அளவீடு துணை நிற்கலாம். அதனை எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.