தளர்ச்சியை அளந்த வரலாறு

மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மாவே இன்றைய செங்கம். அருகே ஜவ்வாது மலை. எண்பதைக் கடந்தும் விறகு சுமந்து மலையேறி இறங்கும் முதியவர்களை இவ்வட்டாரத்தில் நாம் காண்கிறோம். அவர்களுள் ஒருவருக்குக் குருதிப் புற்றுநோய் வந்தால், கடும் மருந்தை அவருடல் தாங்குமா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது?

நிணநீர்ப் புற்றுக்கு வேதிமருந்து முதன்முதலில் செலுத்தப்பட்டது 1942இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். நோயாளியின் இயக்கத்தை நூற்றுக்கு இத்தனை எனக் குறிக்கும் முறையைக் கர்னோஃப்ஸ்கி குழுவினர் 1948இல் வெளியிட்டனர். அது பெரும்பாலும் மருத்துவரின் கண்மதிப்பே. முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் மருத்துவர் வ.செ. நடராசன்.

மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கென 2015இல் வெளியான பன்னாட்டு அளவுகோல், வயது, அன்றாடச் செயல்கள், பிற நோய்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தது. முன்னேற்றந்தான். ஆயினும் எண்பதைக் கடந்தவருக்கு வயதுக்கே இரண்டு புள்ளிகள். இரண்டு பெற்றாலே 'தளர்ந்தவர்'. நம் மலைக்கிழவர் மருத்துவர்முன் அமருமுன்பே தளர்ந்துவிடுகிறார்! தொலைபேசி, பணக்கணக்கு பற்றியும் அது வினவுகிறது. கணக்கை மகனிடம் விட்டுவிட்ட பாட்டிக்கு அது உடற்குறையா, குடும்ப வழக்கா?

2019இல் வெளியான போஸ்டன் ஆய்வொன்றே நமக்கு உவப்பானது. எழுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதான 448 குருதிப் புற்றாளர்களை நான்கு மீட்டர் நடக்கச்செய்து நேரம் குறித்தனர். நடை மெலிந்தவரிடையே இறப்பு மிகுந்திருந்தது. வயதின் பங்கைக் கழித்த பின்னும் அம்முடிவு நிலைத்தது. இதற்கு வட்ட மருத்துவமனைத் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் போதும்.