ஹாட் ராட் மாதிரிக் கார்

ஹாட் ராட் மாதிரிக் கார் என்பது, பழைய அமெரிக்கக் கார்களைப் பிரித்து வேகத்துக்கென மாற்றிக் கட்டிய வண்டிகளின் சிற்றுருவம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகளாக, ‘கிட்’ எனப்படும் பெட்டியில் வரும். வாங்கியவர் வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும். பெரும்பாலும் 1:25 அல்லது 1:24 அளவில் இருக்கும். பொம்மைக்கடையில் அட்டையில் தொங்கும் உலோக வார்ப்புக் காரோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது. அது முடிந்த சரக்கு, இது வேலை. அந்த வேலையிலும் ஒட்டுவது சிறுபகுதிதான். வண்டி நன்றாக வந்ததா கெட்டுப்போனதா என்பதை முடிவு செய்வது பெயிண்ட்.

மூல வண்டி

1930களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு, பானட், பம்பர் என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கடைந்து வலுவேற்றி, நீர் வற்றிய ஏரிப்படுகைகளில் ஓட்டினார்கள். முரோக், எல் மிராஜ் ஆகியவை அப்படிப்பட்ட படுகைகள். மழை பொய்த்த வருடத்தில் தமிழ்நாட்டின் காரியாபட்டி, திருச்சுழி பக்கக் கண்மாய்களுக்குள் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அந்தத் தரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஓட்டங்களை நெறிப்படுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் அமைந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு யூட்டாவின் பான்வில் உப்புச் சமவெளியில் முதல் வேக வாரம் நடந்தது.

இந்த வண்டிகளில் முதலிடம் 1932ஆம் ஆண்டு ஃபோர்டுக்கு. சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வந்தது அந்தக் காரில்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஆண்டின் கடைசி இலக்கமான இரண்டை வைத்து ‘டியூஸ்’ என்று செல்லப்பெயர். இன்றைக்கும் எந்தக் கிட் நிறுவனத்தின் ஹாட் ராட் வரிசையை எடுத்தாலும் டியூஸ் கூபேயோ ரோட்ஸ்டரோ இல்லாமல் இருக்காது.

அதே காலத்து ஃபோர்டுகள் தமிழ்நாட்டுக்கும் வந்தன. கனடா ஃபோர்டின் கிளையாக 1926இல் தொடங்கிய இந்திய நிறுவனம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்களில் கார்களைப் பூட்டி விற்றது. 1950களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும் அது மூடப்பட்டது. பிறகு ஃபோர்டு திரும்பி வந்தது 1995இல், மகிந்திராவோடு கூட்டாக மறைமலை நகரில். அந்த ஆலையிலும் 2022 ஜூலையோடு கார் உற்பத்தி நின்றது.

ஆனால் ஹாட் ராட் பழக்கம் மட்டும் இங்கே வேர்விடவில்லை. காரணம் எளிது. கலிபோர்னியாவில் பழைய கார் கழிவுச் சரக்கு. இங்கே அது சொத்து. உதிரிபாகம் கிடைக்காத நாட்டில் ஓடுகிற காரை யாரும் வேகத்துக்காக வெட்டுவதில்லை, எப்பாடுபட்டாவது ஓடவைப்பார்கள். தப்பிப் பிழைத்த பழைய கார்களையும் ஆலையிலிருந்து வந்த தோற்றத்துக்கே மீட்டு வைப்பதுதான் நம்மவர் ருசி; கோவை ஜீடி கார் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். சட்டமும் இடம் தராது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூரையை நான்கு அங்குலம் அறுத்து இறக்கிய காரைக் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப்போகக்கூட வழியில்லை. இந்தியாவில் ஹாட் ராட் வழக்கு வம்பில்லாமல் நிற்கக்கூடிய இடம் மேசைதான்.

கிட்டுகளின் வரலாறு

பிளாஸ்டிக் கார் கிட் பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பின். ரெவல் நிறுவனம் 1951 வாக்கில் விற்கத் தொடங்கிய ‘ஹைவே பயனியர்ஸ்’ வரிசை பழங்காலக் கார்களை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ஏ.எம்.டி. முதலில் செய்தது வேறு தொழில்: கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் 1:25 விளம்பர மாதிரிகள். அந்த அச்சுகளே 1958இல் கிட்டாக மாறின. ஒரே பெட்டிக்குள் மூன்று வண்டிக்கான துண்டுகள்: ஆலைத் தோற்றம், அலங்காரத் தோற்றம், பந்தயத் தோற்றம். எதைக் கட்டுவது என்பது வாங்குபவர் விருப்பம். 1959இல் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வெளியானபோது ஹாட் ராட் கிட் என்ற வகையே நிலைபெற்றது. மோனோகிராம் நிறுவனம் 1963இல் 1:8 அளவில் ‘பிக் டியூஸ்’ வெளியிட்டது. அது அரை மேசையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வரலாற்றில் தனியாக நிற்பவர் எட் ராத். கண்ணாடியிழையில் விசித்திரக் கார்களைக் கட்டியவர். குமிழ் போன்ற கூரையுடைய ‘பீட்னிக் பேண்டிட்’ அவருடையது. அவற்றை ரெவல் கிட்டாக வெளியிட்டது. பெட்டிக்கு ஒரு சென்ட் அவருக்கு உரிமைத்தொகை. விற்பனை உச்சத்தில் இருந்த 1963இல் அப்படிச் சேர்ந்தது 32,000 டாலர். அதே பீட்னிக் பேண்டிட் 1968இல் ஹாட் வீல்ஸ் பொம்மைகளின் முதல் பதினாறில் ஒன்றாக வந்தது. இன்று இந்தியக் குழந்தைகள் கையில் வைத்திருக்கும் சின்னக் கார்களின் மூதாதை அது.

கட்டுதல்

1932 ஃபோர்டின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 106 அங்குலம். 1:25இல் அது 10.8 செ.மீ. உள்ளங்கையில் அடங்கும் அந்த வண்டிக்குள் எஞ்சின், கியர்பெட்டி, அச்சு, ஸ்டியரிங், இருக்கை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஹாட் ராடில் பெரும்பாலும் பானட் இல்லாததால் எஞ்சினை மறைக்க எதுவும் இல்லை; பிழை இருந்தால் பளிச்சென்று தெரியும்.

துண்டுகள் சட்டக்குச்சியில் ஒட்டியபடி வரும். கையால் முறிக்கக் கூடாது. கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடாலும் ஊசி அரத்தாலும் எடுக்க வேண்டும். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு ஓடும். பாடியின் மேல் அந்த வரம்பை விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தால், பளபளப்பு ஏற ஏற அதுவும் எடுப்பாகத் தெரியும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்றுவர எண்ணெய் பூசியிருப்பார்கள். ஆகவே சோப்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் தொடங்குவது.

பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் பசையல்ல, கரைப்பான். இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் தானே ஓடிப் பரவும். அதே பசை பெயிண்டின் மேலும் குரோம் பூச்சின் மேலும் பிடிக்காது. ஒட்டும் இடத்தில் சுரண்டிவிட வேண்டும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை குரோமுக்கு உதவும், ஆனால் அதன் ஆவி கண்ணாடித் துண்டுகளை வெள்ளை பூக்கவைக்கும். குரோம் என்று கிட்டில் வருவது, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் படலம். பிடிக்காவிட்டால் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் போய்விடும்.

கூரையை இறக்குவது துணிந்தவர் வேலை. தூண்களை அளந்து அறுத்து, கூரையைத் தாழ்த்தி ஒட்டி, மூட்டைப் பட்டி போட்டு ராவ வேண்டும். இறக்கும்போது முன்தூண்களின் சாய்வால் கூரையும் கீழ்ப்பாகமும் நேராகச் சேராது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எஞ்சின் விவரங்களில் கைத்திறன் காட்டலாம். நிஜ ஸ்பார்க் பிளக் வயரின் தடிமன் 7 முதல் 8 மில்லிமீட்டர். 1:25இல் அது 0.3 மி.மீ. பழுதான இயர்போன் வயரை உரித்தால் உள்ளே நிறம் பூசிய செப்பு நூல்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்றை முறுக்கினால் ஏறக்குறைய அதே தடிமன். எஞ்சின் தலைப்பில் ஊசித் துளையிட்டு எட்டு வயர்களைச் செருகிவிட்டால் கிட்டின் முகமே மாறிப்போகும். செலவு ஏதும் இல்லை.

பெயிண்ட்

ஹாட் ராட் என்றாலே நிறம். ‘கேண்டி ஆப்பிள் ரெட்’ என்னும் ஆழ்ந்த சிவப்பைப் புகழடையச் செய்தவர் ஜோ பெய்லன். அடியில் வெள்ளி அல்லது தங்கநிறம், அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு பல மென்படலங்கள், கடைசியில் தெளிந்த வார்னிஷ். ஒளி அடிப்பூச்சு வரை போய்த் திரும்பி வருவதால் அந்த ஆழம். இதில் சிக்கல் என்னவென்றால், ஓரிடத்தில் ஒரு கை கூடுதலாகப் பட்டால் அங்கே கருத்துவிடும். கதவு ஒரு நிறம், பின்புறம் ஒரு நிறம் என்று வந்தால் திருத்த முடியாது.

மோட்டார் பட்டறைகளில் கிடைக்கும் பொருள்களையே இங்கே பலர் பயன்படுத்துகிறார்கள். டிங்கரிங் பெயிண்டிங் கடையின் என்.சி. பட்டி, வாட்டர் பேப்பர், டூக்கோ எல்லாம் மாதிரிக் காருக்கும் ஆகும். டூக்கோ என்பது 1920களில் டூபாண்ட் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் வணிகப்பெயர். நம் ஊரில் வகைப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. ஆனால் கடைத் தின்னர் வீரியமானது. வெறும் பாலிஸ்டைரீன் மேல் நேராகப் பட்டால் பரப்பு நுண்விரிசல் விடும். முதலில் கிட்டுக்குரிய பிரைமர், பிறகு தூறல் போல மெல்லிய இரண்டு கை, அதன் பிறகே ஈரமான கை. எனாமல் மேல் டூக்கோ அடித்தால் அடிப்பூச்சு சுருண்டு கிளம்பும். டூக்கோ மேல் எனாமல் அடிக்கலாம். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடித்தால் சாயம் கசிந்து இளஞ்சிவப்பாகும். இடையில் ஒரு வெள்ளிப் பூச்சு தடுக்கும்.

மெட்டாலிக் பெயிண்டில் ஓர் எச்சரிக்கை. நிஜக் காருக்கான மினுக்குத் துகள், மாதிரியில் இருபத்தைந்து மடங்கு பெரிதாகத் தோன்றும். டப்பாவில் அழகாக இருப்பது வண்டியில் ஜரிகை தூவினாற்போல் ஆகிவிடும்.

காரியாபட்டி போன்ற வறண்ட ஊரில் இந்த வேலைக்கு ஒரு நல்லதும் இரண்டு கெட்டதும் உண்டு. காற்றில் ஈரம் குறைவு என்பது நல்லது. ஈரம் மிகுந்தால், கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, அதில் நீர் படிந்து பெயிண்ட் வெளிறிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்கள் தவிர இந்தத் தொல்லை இங்கே அரிது. ஆனால் சித்திரை வெயிலில் ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பிய துளி பாடியைத் தொடுமுன்பே உலர்ந்து, சொரசொரப்பாகப் படியும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலப்பது, கன்னைக் கொஞ்சம் கிட்டே பிடிப்பது, விடிகாலையில் அடிப்பது ஆகியவையே வழி. இரண்டாவது கெடுதல் தூசி. ஆடிக்காற்றில் கரிசல் புழுதி எந்த ஜன்னலையும் மதிப்பதில்லை. போதாக்குறைக்கு, வறண்ட காற்றில் துடைத்த பிளாஸ்டிக் மின்னூட்டம் பெற்றுத் தூசியைத் தானே இழுக்கும். அடிப்பதற்கு முன் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, அடித்த கையோடு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைப்பார்கள். லாரிப் பட்டறைக்காரர்களும் தரையை நனைத்துவிட்டுத்தான் கன்னைத் தூக்குவார்கள்.

காய்ந்த பின் 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மென்மையான பாலிஷ் போட்டால் கண்ணாடிப் பளபளப்பு வரும். மேடான விளிம்புகளில் கை அழுந்தினால் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

முன்புறத்தில் நெருப்புக் கொழுந்து வரைவது ஹாட் ராட் மரபு. டேப்பில் வெட்டி ஒட்டி அடிக்கலாம். அதன் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோட்டை, வான் டச் என அறியப்பட்ட கென்னத் ஹோவர்டு கலையாகவே வளர்த்தார். நம் லாரி ஓவியர்களும் நீண்ட மயிர்த் தூரிகையால் அத்தகைய கோட்டை ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஆனால் நிஜத்தில் 3 மி.மீ. கோடு 1:25இல் 0.12 மி.மீ. ஆகிவிடுகிறது. அதைக் கையால் இழுப்பவர் அரிது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்தான் கைகொடுக்கும்.

தின்னர் ஆவி தலைசுற்ற வைப்பது மட்டுமல்ல, தீப்பற்றும். தகரக் கூரையின் அடியில் ஸ்பிரே டப்பாவை வைக்கக் கூடாது. அது தாங்கும் எல்லை 50 டிகிரி. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டும் மாதிரிக்கு உகந்த இடமல்ல, மெல்லிய துண்டுகள் வளைந்துவிடும்.

தமிழ்நாட்டில்

கிட் வாங்குவது இங்கே செலவு பிடிக்கும் காரியம். பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் ஏறியது. மாதிரி கிட்டும் சுங்கப் பட்டியலில் பொம்மை வகைதான். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயமானது. உள்நாட்டுத் தொழிலுக்கு இது நல்லதாக இருக்கலாம். உள்நாட்டில் செய்யாத ஹாட் ராட் கிட்டுக்கு இதனால் பயன் ஏதுமில்லை.

அதனால்தானோ என்னவோ, இங்கே மாதிரி வண்டி செய்யும் கைகள் வேறு பக்கம் போயிருக்கின்றன. ஃபோம் ஷீட்டை அளந்து வெட்டி அரசுப் பேருந்தையும் தனியார் பேருந்தையும் அப்படியே சிறிதாக்கும் இளைஞர்கள் பல ஊர்களில் உண்டு. ஊர்ப்பலகை, ஏணி, கண்டக்டர் சீட் வரை விடமாட்டார்கள். கிட் இல்லை, படவிளக்கம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நின்று அளவெடுப்பதுதான். அதற்கு முன்னால் நுங்கு வண்டி இருக்கவே இருக்கிறது. என் கணிப்பில், கிட் கட்டுபவரைவிட இவர்கள் ஒரு படி மேலே. பெயிண்டில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மேலே சொன்ன பட்டியும் வாட்டர் பேப்பரும் பேருந்துக்கும் பொருந்தும்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் காருக்கு ஒற்றை நிறம் அடிப்பது நல்லது, கேண்டி பிறகு. எந்த நிறத்தையும் பாடியில் அடிக்குமுன் பிளாஸ்டிக் ஸ்பூனில் சோதிப்பது உலக வழக்கம். அந்த ஸ்பூன் இந்தியாவில் 2022 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டுவிட்டதால், துண்டுகளை எடுத்தபின் மிஞ்சும் சட்டக்குச்சியை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது பாடியோடு ஒரே பிளாஸ்டிக். அதில் பிடிக்கும் பெயிண்ட் பாடியிலும் பிடிக்கும்.