வெளிச்சத்துக்கு விதித்த வரி

உப்புக்கு வரி உண்டு, சந்தைக்கு வரி உண்டு, ஆற்றைக் கடக்கும் ஓடத்துக்கும் வரி உண்டு. ஆயினும், கதிரவன் கைம்மாறு கருதாமல் வீட்டுக்குள் அனுப்பும் ஒளிக்கு இங்கிலாந்து அரசாங்கம் 155 ஆண்டுக் காலம் வரி வசூலித்து வந்த சரித்திரம், மனித ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டோர் அனைவரும் நிதானமாக ஆராய வேண்டிய ஒன்றாகும்.

மூன்றாம் வில்லியம் மன்னரின் ஆட்சியில், விளிம்பு வெட்டப்பட்டுத் தேய்ந்துபோன வெள்ளி நாணயங்களைப் புதிதாக வார்க்கும் செலவை ஈடுகட்டும் பொருட்டு, 1696ஆம் ஆண்டில் ஜன்னல் வரிச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பிருந்த அடுப்பு வரிக்காக அதிகாரிகள் வீடு வீடாய் உள்ளே புகுந்து சோதித்ததை ஜனங்கள் பெரிதும் வெறுத்தனராதலால், தெருவில் நின்றபடியே எண்ணிவிடக்கூடிய ஜன்னல்களைச் செல்வத்தின் அளவுகோலாகக் கொள்வது யாருக்கும் துன்பம் தராத நல்வழி என்று அன்றைய மந்திரிகள் நம்பினர். பத்து ஜன்னலுக்குக் குறைந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் எனவும், ஜன்னல்கள் பெருகப் பெருக 6, 10 ஷில்லிங் எனவும் விகிதம் வகுத்தனர்.

எளிதாக வசூலாகும் வரி எளிதில் உயரவும் செய்யும். 1766இல் ஏழு ஜன்னல் உள்ள வீடுகளும் கூடுதல் வரிக்கு உட்பட்டன. 1784இல் பிரதமர் இளைய பிட் தேயிலைத் தீர்வையை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தபோது, அந்த நஷ்டத்தை நிரப்பும் பாரமும் ஜன்னல்களின் மீதே விழுந்தது. பாலறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் சட்டம் விலக்கு அளித்ததால், விவசாயிகள் அவ்வறைகளின் பெயரை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்தனர். மற்றவர்களோ கொத்தனாரை அழைத்து, ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

பிரபுக்களின் மாளிகைகளில் இரண்டு ஜன்னல்கள் அடைபட்டாலும் இருபது மிஞ்சும். ஆனால், பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஏழைகளின் குடியிருப்பு, சட்டத்தின் பார்வையில் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டமையால், வரி செலுத்தும் பொறுப்பிலிருந்த சொந்தக்காரர் தம் செலவைக் குறைக்க ஜன்னல்களை அடைத்தபோது, அதன் இருளையும் புழுக்கத்தையும் அனுபவித்தவர்கள் வாடகைக்கு இருந்த எளியோரே. 1781இல் கார்லைல் நகரில் பரவிய டைபஸ் ஜுரத்தின் மூலத்தை நாடிச் சென்ற வைத்தியர் ஜான் ஹெய்ஷம், சுமார் ஆறு பரம ஏழைக் குடும்பங்கள் அடைந்துகிடந்த ஒரு வீட்டைக் கண்டார். மிகச் சிறிய அந்த அறைகளில், ஏழைகளும் அது இன்றிச் சமாளிக்கக்கூடிய ஜன்னல் ஒவ்வொன்றும் வரிக்கு அஞ்சி மூடப்பட்டிருந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஜுரத்தைப் பரப்புவது பேன் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. எனினும், துணியையும் உடலையும் சுத்தமாக வைத்துக்கொள்ள இடங்கொடாத நெரிசலும் இருட்டும் பேனுக்கு எவ்வளவு அனுகூலமானவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

வைத்தியர்களும் சுகாதாரச் சீர்திருத்தக்காரர்களும் இடைவிடாமல் குரல் எழுப்பி வந்தனர். 1845இல் கண்ணாடியின் மீதிருந்த தீர்வை முதலில் ஒழிந்தது. 1850இல் ஜன்னல் வரியை நீக்கக் கோரிய தீர்மானம் பார்லிமெண்டில் மூன்றே வாக்குகளில் தோற்றது. மறு ஆண்டு, லண்டன் ஹைடு பூங்காவில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்னும் கண்காட்சி மாளிகையை ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ச் சென்று கண்டுகொண்டிருந்த கோடைகாலத்தில், ஜூலை 24ஆம் தேதி, அந்த வரி ரத்தாயிற்று.

அக்காலத்தோர் அனுபவத்தால் உணர்ந்ததன் காரணங்களைச் சாஸ்திரம் பின்னரே கண்டறிந்தது. குழந்தைகளின் கால்களை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்குச் சூரிய ஒளியின் குறைவே காரணம் என்று ஜப்பானில் வைத்தியம் செய்து திரும்பிய தியோபால்ட் பாம் 1890இல் வாதித்தார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் புறஊதாக் கிரணங்களால் அந்நோயைக் குணப்படுத்தி, 1919இல் அதை நிரூபித்தார். ஜன்னல் கண்ணாடி அக்கிரணங்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுமாதலால், ஜன்னல்கள் அடைபடாமல் இருந்திருந்தாலே ரிக்கெட்ஸ் நீங்கியிருக்கும் என்று சொல்லலாகாது. புகை மூடிய வானமும் குறுகிய சந்துகளும் அதில் பெரும்பங்கு கொண்டவை. ஆனால், கண்ணாடியைத் தாண்டி வரும் சாதாரணப் பகல் வெளிச்சத்துக்கும் ஒரு மகத்தான வேலை உண்டு. பார்வைக்கு உதவும் உயிரணுக்களையன்றி, வெளிச்சத்தை உணர்ந்து மூளையிலுள்ள காலக் கடிகாரத்துக்குப் பகல் இரவை அறிவிக்கும் தனி உயிரணுக்களும் விழித்திரையில் இருப்பதை 2002இல் விஞ்ஞானிகள் விளக்கிக் காட்டினர். காலையில் போதிய வெளிச்சம் பெறாத உடலுக்கு இரவில் உரிய வேளையில் நித்திரை கூடுவது கடினம். நித்திரை கெட்டவனுக்கு மற்ற சுகங்களும் நிலைப்பதில்லை.

ஜன்னல் வரியை வகுத்தவர்கள் யாருக்கும் தீங்கு செய்ய எண்ணியவர்கள் அல்லர். வெளிச்சத்தைச் செல்வத்தின் அடையாளமாகக் கண்டு, அது உயிரின் தேவை என்பதை மறந்ததே அவர்கள் செய்த பிழை. வரிச் சட்டம் போய்விட்ட பின்னும், காற்றும் கதிரும் புகாத அறைகளைக் குறைந்த வாடகையின் பெயரால் ஏழைகளுக்கு ஒதுக்கும் வழக்கம் உலக நகரங்களில் நீடிக்குமளவும், அப்பிழை முற்றும் திருந்தியதாகாது. வீடு கட்ட அனுமதி வழங்கும் அதிகாரம் உடையோர், ஒவ்வொரு அறைக்கும் பகல் வெளிச்சத்தைக் குடிநீருக்குச் சமமான உரிமையாகக் கொள்வதே இச்சரித்திரத்திலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.