இல்லாததும் இழந்ததும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மயில்களுக்குப் பெயர் பெற்ற ஊர் விராலிமலை. அவ்வூரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபோது, பழைய தகரப் பெட்டி ஒன்றிலிருந்து துணியில் பொதிந்த பொருள் ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். மெல்லிய எஃகுத் தகடு; பாதிக் குழாய்போல் வளைந்திருந்தது. ஒரு பக்கத்தில் துளை. ஓரத்தில் மூன்று இலக்க எண்.

“எங்கள் பாட்டனார் மலாயாவுக்குச் சபர் போய், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். நேதாஜியின் படையில் அவர் ஏந்திய துப்பாக்கியின் பாகம் இது என்று வீட்டில் சொல்லுவார்கள். மற்றப் பாகங்களைத் தேடிச் சேர்த்து முழுத் துப்பாக்கியாக்கி வைத்தால் என்ன?” என்று கேட்டார் நண்பர்.

அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நண்பர் காட்டியது ஜப்பானியத் துப்பாக்கியின் தூசி மூடி. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் மேல் கவிந்து, அதனுடன் முன்னும் பின்னும் நகரும் பாகம் அது. சேறும் மணலும் உள்ளே புகாதிருக்க ஜப்பானியர் செய்த ஏற்பாடு. ஆனால் நடக்கும்போது அது கலகலவென ஓசையிட்டது. காட்டுக்குள் பதுங்கியிருப்பவனை அந்த ஓசையே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே சிப்பாய்கள் பலர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டனர். இன்று எஞ்சியுள்ள ஜப்பானியத் துப்பாக்கிகளில் பெரிதும் காணாமற்போயிருப்பது இம்மூடியே.

அத்துப்பாக்கிகளுள் முதன்மையானவை இரண்டு வகை. மெய்ஜி மன்னர் ஆட்சியின் 38-ஆம் ஆண்டாகிய 1905-இல் ஏற்கப்பட்டது 38-ஆம் வகை. அதன் குழல் விட்டம் 6.5 மில்லிமீட்டர். ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599, அதாவது 1939-இல் வந்தது 99-ஆம் வகை. அதன் விட்டம் 7.7 மில்லிமீட்டர். குழலின் அடிப்புறத்தில் மேலிருந்து கீழாக மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து மூன்று கிடைக்கோடுகளாயின் அது 38. முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்றேயாயின் அது 99. ஜப்பானிய மொழி அறியாதவரும் இவ்வளவு கொண்டே வகை பிரித்துவிடலாம்.

இனி, குறையைக் காண்பது எங்ஙனம்? எண்களே முதற் சாட்சி. துப்பாக்கியின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை, போல்ட்டிலும், வெடித்த தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியிலும், தோட்டாவைத் தட்டும் ஊசியிலும், தூசி மூடியிலும் பொறிக்கும் வழக்கம் பல ஆயுதசாலைகளில் இருந்தது. அவை ஒத்திருந்தால் ஒன்றாய்ப் பிறந்த பாகங்கள். மாறியிருந்தால் எங்கோ ஒரு கை இடையில் புகுந்திருக்கிறது.

ஆயினும் இங்கே அவசரம் கூடாது. குறைகள் மூவகைப்படும் என்பதை மறத்தலாகாது.

முதலாவது, தொடக்கத்திலிருந்தே இல்லாதது. 99-ஆம் வகையின் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் தூசி மூடியுடன், தரையில் ஊன்றும் கம்பிக் கால் ஒன்றும், விமானத்தைக் குறிபார்க்க உதவும் மடக்குச் சிறகுகளும் இருந்தன. யுத்தம் முற்றி இரும்பும் நேரமும் அருகியபோது இவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1945-இல் செய்யப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் கட்டையின் அடித்தகடுகூட மரத்தாலானதே. அத்தகைய ஒன்றில் தூசி மூடியைப் பொருத்துவது குறையை நீக்குவதாகாது. நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்வதாகும்.

இரண்டாவது, இழந்தது. சிப்பாய் எறிந்த மூடியும், தொலைந்துபோன குழல் துடைக்கும் கம்பியும், தோள்வார் மாட்டும் வளையமும் இவ்வகையின.

மூன்றாவது, வேண்டுமென்றே அழித்தது. குழலின் அடிப்புறத்தில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். அது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் முத்திரை. சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் அப்பூ தேய்த்தழிக்கப்பட்டுள்ளது. அந்தத் தழும்பே தோல்வியின் சாசனம். அதன்மேல் மீண்டும் பூவைப் பொறிப்பவன் சாசனத்தைக் கிழிப்பவனாவான்.

குறையே அல்லாததைக் குறையென மயங்குவதும் உண்டு. கட்டையின் பின்பகுதியை இரண்டு மரத்துண்டுகளை இணைத்தே ஜப்பானியர் செய்தனர். அந்த இணைப்புக் கோட்டைக் கண்டு, கட்டை பிளந்துவிட்டதென்று பசை தேடியோர் உளர்!

இழந்ததை ஈடுசெய்வது தவறன்று. அதே வகை, அதே காலம், கூடுமானால் அதே ஆயுதசாலையின் பாகத்தைத் தேடிப் பொருத்தலாம். ஆனால் அதன் எண் வேறாகவே இருக்கும். அந்த எண்ணை ராவிவிட்டுப் புதிய எண் வெட்டுதல் பொய்ச்சான்று எழுதுவதற்கு ஒப்பாகும். புதிதாகச் செய்த பாகமாயின் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் அதனைக் குறித்து வைத்தல் வேண்டும்.

நம் தமிழிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து அச்சேற்றிய புறநானூற்றில் 267, 268 ஆகிய செய்யுட்கள் கிடைத்தில. புலமை மிக்க ஒருவர் இரண்டு பாடல்களைப் புனைந்து அவ்விடத்தை நிரப்பியிருக்க இயலாதா? யாரும் அவ்வாறு செய்யவில்லை. அந்த வெற்றிடத்தின் நேர்மையே எஞ்சிய பாடல்களை நாம் நம்புவதற்கு ஆதாரம்.

மீண்டும் விராலிமலைக்கு வருவோம்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே ஆங்கிலேயர் விட்ட ஆயுதங்கள் ஏராளம். நேதாஜி 1943-இல் தலைமையேற்றபோது தோட்டங்களிலும் கடைகளிலும் உழைத்த தமிழர் பல்லாயிரவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அமைந்த சுதந்திர இந்திய அரசின் ஆலோசகருள் தமிழ் முஸ்லிமாகிய கரீம் கனியும் ஒருவர். 1944 ஏப்ரல் 14-இல் மணிப்பூரின் மொய்ராங்கில் அப்படையின் கொடியை ஏற்றியவர் கர்னல் ஷவுகத் மாலிக். ஆனால் அப்படையினர் பெரும்பாலும் ஏந்தியவை, சிங்கப்பூரில் கைப்பற்றப்பட்ட ஆங்கிலேயத் துப்பாக்கிகளே. தம்மை அடக்கியாண்டவனின் ஆயுதத்தைக் கொண்டே அவனை எதிர்த்தனர் என்பதில் பெருமை குறைவா என்ன?

எனவே, “பாட்டனார் ஏந்தியது இத்துப்பாக்கியே” என்று உறுதி கூற இத்தகடு ஒன்று மட்டும் போதாது என்றோம். நண்பரின் முகம் வாடியது. அந்த வாட்டத்தை நாம் அறிவோம். கடல் கடந்து சென்று திரும்பியவரின் வாழ்வில் குடும்பத்தாரிடம் எஞ்சியிருப்பது சில சொற்களும் ஒரு தகடுமே. அதிலும் ஒன்றைக் குறைத்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் ஒன்றைக் கூட்டிச் சொன்னால், ஆராய வருபவர் அதைப் பொய்யெனக் காணும் நாளில், மெய்யான மற்றவையும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மற்றொன்றும் கூறினோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல் அதன் பாகங்களையும் உள்ளடக்கும். ஆதலால் பாகங்களை வாங்கிச் சேர்ப்பது வீட்டில் செய்யும் பொழுதுபோக்கன்று. கையிலுள்ளதையும் அதிகாரிகளிடம் தெரிவித்து, அருங்காட்சியகத்தில் சேர்க்க வழி கேட்பதே தக்கது. 1910-இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகம் அருகிலேயே திருக்கோகர்ணத்தில் உள்ளது.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு காகிதமும் பேனாவும் கொண்டுவரச் செய்தார். தகட்டின் எண்ணை முதலில் எழுதினோம். “ஜப்பானியத் துப்பாக்கியின் தூசி மூடி. மலாயாவிலிருந்து திரும்பிய எங்கள் பாட்டனாரின் பெட்டியில் இருந்தது. அவர் கைக்கு வந்த விதம் தெரியாது” என்று அதன் கீழே எழுதினோம். கடைசி வாக்கியத்தை எழுதச் சொன்னவர் நண்பரே.