கடாவின் வித்தும் வெம்மையும்

பாலூட்டிகள் பலவற்றில் ஆணின் விதை உடலுக்குள் அமையாது புறத்தே பையொன்றில் தூங்குவதேன் என்னும் வினா பழையது. இருவிதையும் வயிற்றினின்று இறங்காத விலங்கு மலடாதலைக் கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர், காரணம் அறிந்திலர். எடின்பரோவிலிருந்த குரூ என்பார் 1922ஆம் ஆண்டில், உடலின் உட்சூடே அதற்கு ஏதுவாகலாமென எழுதினார். அது கருத்தளவே. செயலிற் காட்டியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக் கார்ல் மூர். அவரும் ஒஸ்லண்டும் 1924இல் வெளியிட்ட ஆய்விலே, செம்மறிக்கடாவின் விதைப்பையை வெப்பம் வெளியேறாவண்ணம் போர்த்தி வைத்தனர். விதை இருந்தவிடத்திலேயே இருந்தது; மாறியது வெப்பநிலை ஒன்றே. வித்துக்குழாய்கள் சிதைந்தன.

வெம்மை கலத்தினுள்ளே யாது செய்கின்றது? இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இத்தாலியரான ரித்தோசா 1962இல், சூடேறிய பழ ஈக்களின் நிறமூர்த்தங்களிற் புதிய வீக்கங்கள் தோன்றுதலைக் கண்டு வெளியிட்டார். அவ்வேளை கலம் ஆக்குவன தனிப்பட்ட புரதங்களே என்பது 1974இல் திசியேர் முதலியோரால் தெளிவாயிற்று. குலையும் பிற புரதங்களைத் தாங்கிக் காப்பது இவற்றின் தொழில்.

விதையிலோ இக்காவல் விந்தையானது. இப்புரதங்களை எழுப்பும் காரணியை எலியின் வித்துக்கலங்களில் ஓயாது இயங்கச் செய்து பார்த்த ஆய்வொன்று 2000இல் வெளிவந்தது. பிரிவுறும் நடுநிலைக் கலங்கள் பிழைக்கவில்லை, மடிந்தன. பழுதுற்ற வித்து வழித்தோன்றலைச் சேராவண்ணம் தடுக்கும் ஏற்பாடு இதுவெனக் கருதுவாருமுளர். குழாயின் அடியிலே கிடக்கும் மூலக்கலங்களோ அவற்றினும் வன்மையுடையன. மிதமான வெம்மையில் மேலடுக்கு அழிந்தும் அவை எஞ்சுதலின் குழாய் மீண்டும் நிரம்புகின்றது. வெம்மை மிகக் கடிதாய் நெடிது நீடிப்பின் அவையும் தப்பா.

கால்நடை வளர்ப்போர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. வித்து உருவாகக் கடாவில் ஏறக்குறைய 47 நாளும் காளையில் 61 நாளும் செல்லும். பின்னர் விதைமேற் குழாயைக் கடக்கவும் சிலநாள் வேண்டும். ஆதலின் கோடையின் தீங்கு பிந்தியே தோன்றும். மீட்சியோ அதனினும் பிந்தும். இதனை எண்ணாது ஒருநாட் சோதனையை நம்பி நல்ல காளையை மலடெனக் கழித்தல் பேதைமை. மந்தையின் வருங்காலமே அத்துடன் கழிந்துவிடலாம்.

மூலக்கலம் எதுவென உருவத்தால் மட்டும் துணிதல் அரிது. மற்றொரு விதையில் நட்டு வித்து விளைகின்றதா எனக் காணும் முறையைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பிரின்ஸ்ரர் 1994இல் எலியில் நிறுவினார்; ஆட்டிலும் அது 2003இற் கைகூடிற்று. அவ்வாண்டிலேயே எலியின் மூலக்கலங்கள் ஆய்வுகூடத் தட்டில் நெடுநாள் வளர்க்கப்பட்டன. மாட்டினது அத்துணை எளிதில் இசைந்திலது. ஆகவே காளையின் மூலக்கலம் வெம்மையை எங்ஙனம் பொறுக்கின்றது என்பது இன்றும் பெரும்பாலும் எலியைக் கொண்டே உய்த்துணரப்படுகின்றது.